வளைகாப்பில் மாலினி எழுந்து நின்றாள்

என் செல்லத் தங்கச்சி ராணிக்கு,

நீ இருக்கிற இடத்தில் குளிர் உண்டா? இங்கே தேயிலை மலையில் அதே குளிர்தான், லயத்தில் அதே வரிசை வீடுதான். ஆனால் நேற்று உன் மகள் செய்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலையே வெடித்துவிடும். இரு, முதலிலிருந்து சொல்கிறேன்.

மாலினி இப்போது வேலைக்குப் போகிறாளடி! ரிங்லெட் ஊரில் ஒரு பூத்தோட்டத்தில் செவ்வந்தி கட்டுகிறாள். வெட்டு, கழுவு, கட்டி லோரியில் ஏற்று என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சொன்னால் இன்னமும் திருதிருவென்று விழிப்பாள். ஒவ்வொன்றாகச் சொன்னால் போதும், அவள் வேலையில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது. "இந்தப் பொண்ணு கட்டுனா நான் செக் பண்றதே இல்லலா" என்று முதலாளி சொன்ன அன்று, லயம் முழுக்க அதைச் சொல்லிவிட்டுத்தான் நான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

கணக்கு வராது. கோபம் வந்தால் கதவு தாங்காது. அதெல்லாம் முழுசாகப் போகாது, ஆனால் பொறுமையாகப் பழக்கலாம் என்று டாக்டரம்மா உன்னிடமே சொன்னாரே.

அந்த நாள் நினைவிருக்கிறதா? ஆறு வயதாகியும் பிள்ளைக்குப் பேச்சும் படிப்பும் வரவில்லையே என்று கிளினிக்குக்குத் தூக்கிப் போனோம். "வயித்துல இருக்கும்போது ஏதாச்சும் குடிச்சீங்களா?" என்று அவர் கேட்டார். நீ கொஞ்சமும் ஒளிக்காமல் சொன்னாய்: "கருப்பு பீர்தான் டாக்டர். முட்டை அடிச்சு ஊத்திக் குடிச்சேன். ரத்தம் ஊறும், குளிருக்கும் நல்லதுன்னு லயத்துல சொன்னாங்க."

கசக்கிறது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு, மருந்து மாதிரி குடித்தவள் நீ. அது வயிற்றுப் பிள்ளையின் மூளையைத் தாக்கும் என்று அவர் சொன்ன பிறகு, நீ வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை. கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோதும் அதே கேள்விதான். "அவ வளந்து கேட்டா என்னக்கா சொல்லுவே? என்னைத் திட்டுவாளா?"

ஊரையே வாயால் மேய்க்கிற நான் அன்றைக்கு உன் போர்வையைத்தான் இழுத்து விட்டேன்.

போன மழைக்காலத்தில் அவள் கேட்டேவிட்டாள். "நான் மட்டும் ஏன் பெரியம்மா இப்படி?" உள்ளதை உள்ளபடி சொன்னேன். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தாள். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறந்துவிட்டாளா, மனசில் வைத்துக் கறுவுகிறாளா? அவள் உன் படத்துக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் நான் அவள் முகத்தையே பார்ப்பேன்.

நேற்று பக்கத்து லயத்துப் பவானிக்கு வளைகாப்பு. வளையல் போட்டு, சந்தனம் பூசி எல்லாம் முடிந்ததும் அவள் மாமியார் அஞ்சலை ஒரு பெரிய கோப்பையோடு வந்தாள். நுரையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. முட்டை அடித்த கருப்பு பீர்! நான் வாயைத் திறப்பதற்குள் மாலினி எழுந்துவிட்டாள்.

"குடிக்காதீங்கக்கா."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அஞ்சலைக்கு வந்ததே கோபம்! "நாங்கல்லாம் குடிச்சுத்தான் பெத்தோம்லா. யாருக்கு என்னா ஆயிருச்சு?"

"எனக்கு ஆச்சு அத்தை."

மாலினி திணறித் திணறித்தான் பேசினாள், ஆனால் நிறுத்தவில்லை. "எனக்குப் படிப்பு ஏறல. சொன்னது மறந்துருது. எங்கம்மா எனக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் குடிச்சாங்க. அவங்ககிட்ட யாருமே சொல்லல. சொல்லியிருந்தா தொட்டிருக்கவே மாட்டாங்க. அதான் நான் சொல்றேன்."

பவானி மாமியார் கையிலிருந்த கோப்பையை வாங்கி மாலினியிடமே நீட்டினாள். நம் பெண் அதை வெளியே கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றினாள். வீட்டில் பழகியபடியே கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தாள். "எனக்கு மட்டும் யாரு சொன்னா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அஞ்சலை பால் காய்ச்சப் போனாள்.

கேட்டாயா ராணி? அவள் உன்னைத் திட்டவில்லை. அத்தனை பேர் முன்னால் உனக்காகப் பேசினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். இனி அவளிடம் யார் என்ன கேட்டாலும், அவள் எவ்வளவு திணறினாலும், இதுவரை பேசியதுபோல் அவளுக்குப் பதிலாக நான் பேச மாட்டேன். அவளே சொல்லி முடிக்கட்டும். எனக்கு இது எவ்வளவு கஷ்டமான வேலை என்று உனக்கே தெரியும்.

வாயை மூடப் பழகிக்கொண்டிருக்கும்
உன் அக்கா,
மாலினியின் பெரியம்மா