செங்கொடியின் முதுகுக் கோடுகள்

19-6-78
இன்றும் விடிந்ததும் செங்கொடிக்குத் தலைவலி, வாந்தி. பத்து மணிக்கெல்லாம் தெளிந்து பழைய சோறு கேட்கிறாள். எட்டு வயதில் மட்டம் போட என்ன சாமர்த்தியம்! டீச்சர் பெண்ணே மூன்று நாளாகப் பள்ளிக்கூடம் வரவில்லை என்றால் மற்ற பிள்ளைகளை எந்த முகத்தோடு அதட்டுவது?

சாமிதுரைக்கு (பெயர் சொல்லித்தான் எழுதுவேன், என் டைரி) சங்கமே கதி, கூலிப் பேச்சே பேச்சு. பெற்ற பெண் வாந்தி எடுப்பதைத் தீர்மானமாகப் போட்டால்தான் தெரியும்.

3-7-78
சுகாதார நிலையத்தில் பூச்சி மருந்து கொடுத்தார்கள். பூச்சியும் விழவில்லை, தலைவலியும் போகவில்லை.

24-7-78
வரப்பில் வரும்போது இடது பக்கம் சாய்ந்து நாற்றுக்குள் விழுந்தாள். மூன்றாவது தடவை. மாயவரத்தில் கண்ணாடி வாங்கிப் போட்டேன். கண்ணாடியோடு விழுந்தாள். கையெழுத்தும் கோணல், நாலு வரி எழுதினால் நாலும் நாலு திசை. அடித்தேன்.

11-8-78
தஞ்சாவூர் கண் டாக்டர் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். "கண்ணுல கோளாறு இல்லம்மா. பின்னால நரம்பு வீங்கியிருக்கு. தலைக்குள்ள ஏதோ அழுத்துது. வீட்டுக்குப் போகாதீங்க, நேரா மெட்ராஸ் போங்க."

மட்டம் போடுகிறாள் என்று நானேதான் எழுதியிருக்கிறேன். அடிச்சேனே... இந்தக் கையை ஒடிச்சுப் போடணும்.

29-8-78
சிறுமூளையில் கட்டி. புற்றுக்கட்டி. நேற்று ஏழு மணி நேரம் ஆபரேஷன். கண் விழித்து "தண்ணி" என்றாள்.

16-9-78
இரண்டு இட்லி சாப்பிட்டாள். வாந்தி இல்லை. குறுவை அறுப்பு, கூலித் தகராறு, போலீஸ் எல்லாவற்றுக்கும் நடுவில் சாமிதுரை வந்தார். வந்ததும் வராததுமாக, "கட்டியத்தான் எடுத்துட்டாங்களே அம்சா, ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவோம்" என்கிறார். இத்தனை நாள் எட்டிப் பார்க்காதவருக்கு என்ன அவசரம்!

டாக்டர் கண்ணுசாமி உட்கார வைத்துச் சொன்னார். "எடுக்க முடிஞ்சத எடுத்தாச்சு. கண்ணுக்குத் தெரியாதது மிச்சம் இருக்கும். மூளையச் சுத்தியிருக்கிற நீர் முதுகெலும்புக்கும் இறங்குது, அதோட இதுவும் இறங்கும். தலை, முதுகு ரெண்டுக்கும் கரண்ட், அதான் கதிர்வீச்சு, வைக்கணும். முப்பது தடவை. நடுவுல விடக்கூடாது."

"தலைமடையில விழுந்த கோரை விதை கடைமடைக்கும் வருமே, அதுமாதிரிங்களா?" என்றார் சாமிதுரை. வயலில் வைத்தால்தான் இவருக்கு எதுவும் ஏறும்.

முடித்தால் பிழைப்பாளா என்று நான்தான் கேட்டேன். "மூணு பிள்ளைல ஒண்ணு நிக்குது. பாதியில விட்டா அதுவும் நிக்காதும்மா."

9-10-78
தலையிலும் முதுகிலும் கத்தரிப்பூ நிற மையால் கோடு போட்டார்கள். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் தினமும் மெஷினை வைப்பார்களாம். ஒரு மயிரிழை தப்பினாலும் ஆபத்து. தண்ணீர் படக்கூடாது. உள்ளே அவள் தனியாகக் குப்புறப் படுத்திருக்க வேண்டும். வெளியே கதவருகில் நான் ஏழாம் வாய்ப்பாடு கத்தினேன். கதவின் கனத்துக்கு அவளுக்குக் கேட்டிருக்காது.

27-10-78
பதின்மூன்று முடிந்தது. என் லீவும் முடிந்தது. நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் நீட்டிப்பாராம் ஹெட்மாஸ்டர். செங்கொடியை, நாங்கள் தங்கியிருக்கும் இந்த மெட்ராஸ் வீட்டில், நாத்தனார் ரெங்கம்மாளிடம் விட்டுவிட்டு இன்று ராத்திரி ரயிலில் ஊருக்கு, குத்தாலம். செவ்வாய்க்கிழமை காலையில் திரும்பிவிடுவேன். மையில் தண்ணீர் படக்கூடாது என்று நாத்தனாரிடம் சொன்னேனா? சொன்னதாகத்தான் ஞாபகம்.

31-10-78
போச்சு. எல்லாம் போச்சு.

நேற்றுத் தீபாவளியாம். விடியற்காலையில் ரெங்கம்மாள் பிள்ளைக்கு எண்ணெய் வைத்து, சீயக்காய் போட்டு, முதுகு சிவக்கத் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறாள். ஒரு கோடு இல்லை. "ஆஸ்பத்திரிக்காரங்க மேலெல்லாம் கிறுக்கி வச்சிருந்தாங்க. நல்ல நாளும் அதுவுமா அழுக்கோடவா விடுறதுன்னு..." என்கிறாள். சுத்தமாக இருக்கிறதென்று எனக்கே திருப்பிக் காட்டுகிறாள்! அண்ணன்காரன் தீபாவளியே கிடையாதென்று மேடை மேடையாகப் பேசுகிறான், தங்கச்சி இப்படி. என் பிள்ளையைக் கொன்னுட்டியேடின்னு கத்திட்டேன். தெருவே வந்து பார்த்தது.

1-11-78
டாக்டர் திட்டினார், எல்லாருக்கும் சேர்த்து, என்னை. மறுபடி படம் எடுத்து, அளந்து, கோடு போட வேண்டும். ஒன்பதாம் தேதிக்கு முன் மெஷின் காலி இல்லை. இந்த எட்டு நாளில் உள்ளே மிச்சமிருப்பது சும்மா இருக்குமா? கேட்டேன். அவர் ஒன்பதாம் தேதிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

9-11-78
புதுக் கோடு. பதினான்கு.

17-11-78
இருபது. தலையில் ஒரு முடி இல்லை. சோறு இறங்கவில்லை. ரெங்கம்மாள் என்னிடம் பேசுவதில்லை. வியர்வையில் மை கலையக்கூடாதென்று பிள்ளை முதுகுக்கு விசிறிக்கொண்டே இருக்கிறாள். கை வலிக்குமே.

1-12-78
முப்பது. ரெங்கம்மாளும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தோம்.

12-6-79
மறுபடி மூன்றாம் வகுப்பிலேயே உட்கார வைத்தேன். இவளுக்கு இளைய பிள்ளைகள் இவளைவிட உயரம். ஏழாம் வாய்ப்பாட்டில் பாதி போய்விட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மெட்ராஸ், வரிசை, ரத்தம், கட்டி திரும்பி வந்ததா என்ற அதே கேள்வி. ஒவ்வொரு தடவையும் முதல் நாள் எனக்குத்தான் வாந்தி வருகிறது.

18-8-80
காலை ஏழு மணியிலிருந்து பன்னிரண்டரை வரை வரிசை. உள்ளே இரண்டு நிமிஷம். டாக்டர் நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார், நடந்தாள். கண்ணைப் பார்த்தார். சீட்டில் ஏதோ கிறுக்கி, "சரி, போங்கம்மா" என்றார். எரிச்சல் வந்துவிட்டது. "இதுக்கா சார் ராத்திரியெல்லாம் ரயில்ல நின்னுக்கிட்டு வந்தோம்? மறுபடி நவம்பர்ல எத்தனாம் தேதி?"

"நவம்பர்ல வேணாம். அடுத்த வருஷம் ஆகஸ்டுல வாங்க, போதும்."

குறித்துக்கொள்ள இந்த எண்பதாம் வருஷ டைரியை எடுத்துப் புரட்டினேன். டிசம்பரோடு முடிந்துவிட்டது. அந்தத் தேதிக்கு இதில் பக்கம் இல்லை.