சேலை மறைப்பு

22.3.76, திங்கள்

நானும் அம்மாவும் வேலை பார்க்கும் பஞ்சு பேக்டரியில் இன்று மேஸ்திரி பால்பாண்டி வந்து, வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து பெண் டாக்டர் வருகிறார் என்றார். கர்ப்பப்பை வாயில் புற்று இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். கல்யாணமானவர்களுக்கு மட்டும்.

மிஷின் சத்தத்தையும் மீறி ஒச்சம்மாள் அத்தை கத்தினாள். "புத்தாவது பாம்பாவது! புள்ள பெறாம இருக்க லூப்பு மாட்டத்தான் வாராக. போனவளுக்கெல்லாம் ஆளுக்கொரு வாளி குடுப்பாக, பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் பருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

23.3.76

பங்குனிப் பொங்கலுக்கு எங்கள் வீட்டு உள்ளறையில் முளைப்பாரி போட்டாயிற்று. தெரு முழுவதற்கும் அம்மாதான் விதை தூவுவாள், அவளுக்கு அப்படி ஒரு கைராசி. தீட்டுள்ளவர்கள் அந்த அறை வாசலைக்கூட மிதிக்கக் கூடாது.

அம்மாவுக்கு இரண்டு மாதமாகத் தீட்டு நிற்கவே இல்லை. விடியுமுன் போய்த் துணி அலசிவிட்டு வருகிறாள். எனக்கு மட்டும்தான் தெரியும்.

"சூடுடீ. வெந்தயம் குடிச்சா போயிரும். வெளிய சொல்லிராத."

"டாக்டர்ட்ட ஒரு தடவை..."

"பாரி வீட்டுல இருக்கு ஆவுடை."

வெந்தயத்தை எடுத்து ஊறப் போட்டேன். எட்டாவதில் என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியபோதும் இப்படித்தான், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

25.3.76

குடத்தை இறக்கும்போது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

26.3.76, வெள்ளி



குடோனில் சேலையைக் கட்டி மறைத்திருந்தார்கள். நர்ஸ் ராமலட்சுமி வெளியே நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "ஊசி இல்லம்மா, கத்தி இல்ல. குச்சியால தொட்டு எடுத்துக் கண்ணாடியில தடவுறதுதான்." ஒருத்தியும் நகரவில்லை. மத்தியானம் ஆனதும் டாக்டரம்மா பெட்டியைக் கட்டச் சொன்னார்.

போய்விடுவார்களே, போய்விடுவார்களே என்று இருந்தது. எழுந்தேன். எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. மறைப்புக்குள் போய்விட்டேன். நர்ஸிடம் "எங்க அம்மா..." என்றதும் அழுகை வந்துவிட்டது.

வெளியே ஒச்சம்மாள் அத்தை குரல். "ஏ மதினி! கல்யாணமாகாத புள்ளைக்கு அங்க என்ன சோலி?"

ஐயோ, அதை நான் நினைக்கவே இல்லை.

அம்மா வந்தாள். வரும்போதே, "எனக்கு எடம் போடத்தாண்டீ அனுப்புனேன்! வாய அளந்து பேசு" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். என்னை வெளியே தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

நர்ஸ் ஏதோ கேட்டார். மிஷின் பக்கத்தில் பத்து வருஷம் கத்திப் பேசிப் பழகியவள் அம்மா. பதிலையும் கத்தித்தான் சொன்னாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. மிஷின் நின்ற அமைதியில் அவள் குரல் மட்டும்: "ரெண்டு மாசமா நிக்காமப் போகுதும்மா!"

அத்தனை பேரும் கேட்டார்கள்.

27.3.76

பாரியை ஒச்சம்மாள் அத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளறையைக் கழுவிவிட்டார்கள். யாரும் அம்மாவைத் திட்டவில்லை. முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

முளை நன்றாகத்தான் வந்திருந்தது.

என்னால்தானே? அம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

9.4.76

நர்ஸ் வீட்டுக்கே வந்தார். கண்ணாடியில் தெரிந்தது நல்லதாக இல்லையாம். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டுமாம்.

அப்பா, "பாரியத் தீட்டோட தொட்டா, சாமி குத்தம்" என்றார்.

"சாமி குத்தம்னே வச்சுக்கோங்கய்யா. ஆனா பஸ்ஸு ஏறுங்க" என்றார் நர்ஸ்.

அம்மா எழுந்து சேலையை மடிக்க ஆரம்பித்தாள்.

14.5.76

அம்மாவுக்கு மதுரையில் கரண்ட் வைத்தியம் நடக்கிறது, புற்றைக் கதிர் வைத்து எரிப்பதாம். வயிறெல்லாம் எரிகிறதாம், சோறு இறங்கவில்லை. முற்றுவதற்குள் வந்துவிட்டீர்கள் என்று சொன்னார்களாம். அதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன். பேக்டரியில் அம்மா இடத்தில் நான் உட்காருகிறேன்.

இன்று குழாயடியில் ஒச்சம்மாள் அத்தை பக்கத்தில் வந்து நின்றாள். அவள் குடம் நிரம்பி வழிந்தது. கவனிக்கவில்லை.

"ஏத்தா ஆவுடை, அந்த நர்சம்மா எந்த ஆஸ்பத்திரி?"

பார்த்தேன்.

"எனக்கில்லடீ. எங்க சித்திக்கு."

அத்தைக்குச் சித்தி கிடையாது.

"திங்கக்கிழமை நான் கூட வாரேன் அத்தை" என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை.