பாவு ஏற்றிய நாளில் வந்த கேள்வி

திங்கள், 9 ஜூலை

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. தயிர் புளித்துவிட்டது. கேஸ் பதிய வேண்டும். பிரஷர் மாத்திரை வாங்கவில்லை.

மகள் கலா முன் அறையில், கம்ப்யூட்டரோடு. கணவனை விட்டு வந்த பின் அவளுக்கென்று வந்த முதல் ஆர்டர். தறிக்காரர் ஏகாம்பரத்துக்குக் கல்யாணப் பட்டு டிசைன். முந்தானை முழுக்க அன்னம். கட்டம் கட்டமாக நிரப்புகிறாள். இது முடிந்தால்தான் தறிக்கு அட்டையில் துளை போட முடியும். வெள்ளிக்குள் கேட்கிறார். இல்லையென்றால் டிசைனுக்குக் காஞ்சிபுரம் போய்விடுவாராம்.

திரை ஓரத்தில் ஒரு பெட்டி. அப்டேட் வந்திருக்கிறதாம். அணைத்துப் போடவா? இப்போதா, பிறகா? விரட்டினாலும் திரும்ப வருகிறது.

"பேஜார்பா இது. ஒரு வரி முடிக்க வுட மாட்டுது."

பிறகு என்று அழுத்துகிறாள். இரவிலும் அணைப்பதில்லை. அணைத்தால் அப்டேட் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காதாம்.

கலாவின் அம்மா பத்மா போய் இரண்டாவது அமாவாசை வருகிறது. ஐயரிடம் சொல்ல வேண்டும்.

செவ்வாய், 10

வெயில். ரசம், அப்பளம். மாத்திரை வாங்கினேன்.

பெட்டியைப் பற்றி யோசனை. பரீட்சையில் பையன் கணக்கின் நடுவில் இருக்கும்போது 'கூடுதல் தாள் வேண்டுமா' என்று கேட்டால் கணக்கு போய்விடும். தலை நிமிரும்வரை நிற்க வேண்டும். தேவிகாபுரம் பஸ் கண்டக்டரும் வண்டி வளையும்போது சில்லறை கேட்பதில்லை. கம்ப்யூட்டர், வேலை தொடங்குமுன் கேட்கலாம். முடித்து எழும்போது கேட்கலாம். நடுவில் ஏன்?

"திருடன் வர்ற வழிய அடைக்கத்தாம்பா அப்டேட்டு" என்கிறாள் கலா. இருக்கலாம். அப்படியானால் என்ன அவசரம் என்று சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும்.

ஆஸ்பத்திரியிலும் கேட்டார்கள். பத்மாவின் முகத்தை மூடிக்கொண்டிருக்கும்போதே. "இப்பவே எட்துகினு போறீங்களா, சாயங்காலமா?" என்ன சொன்னேன், நினைவில்லை.

கொசுவத்தி தீர்ந்துவிட்டது.

புதன், 11

புழுக்கம். ஏகாம்பரம் வந்தார். புதுச் சேலைக்கான நீள நூல், பாவு, இன்று தறியில் ஏற்றியாகிவிட்டது; டிசைன் எதுவரை என்று பார்க்க. கலா மொட்டைமாடியில், துணி எடுக்க. நான் காபி கலக்க உள்ளே. திரும்பி வந்தால் திரை கறுப்பு.

"சார், பொட்டி இன்னாமோ கேட்டுகினே இருந்திச்சு. இப்பவா, அப்புறமானு. பாவு ஏத்துன நாளும் அதுவுமா அப்புறம்னு எப்டி சார் சொல்றது? இப்பவேனு அமுக்கிட்டேன்."

அவர்கள் வீட்டு வழக்கம். பாவு ஏற்றும் நாளில் யார் எது கேட்டாலும் 'வேணாம்', 'அப்புறம்' வாயில் வரக்கூடாது. குழந்தை ஐஸ் கேட்டாலும் சரிதான்.

பழைய டிசைன் சாஃப்ட்வேர். சேமிக்கவா என்று கேட்காமலே மூடிக்கொண்டது. கேட்க வேண்டியது கேட்கவில்லை. திங்களிலிருந்து கலா சேமிக்கவும் இல்லை. அணைத்தால்தானே அந்த நினைவு வரும். அன்னம் அத்தனையும் போயிற்று.

"பரவால்லீங்க" என்றாள் அவரிடம். முகத்தில் ஒன்றும் இல்லை. அம்மாவை எடுத்த அன்றும் இதே முகம்.

காபி ஆறிவிட்டது. கீழே ஊற்றினேன்.

வியாழன், 12

தூறல். கரண்ட் போய் வந்தது. ஏகாம்பரம் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே.

"காஞ்சிபுரத்துல ரெடியா அன்னம் கீதாம் சார். ஆடி பொறக்கறதுக்குள்ள தறி ஓடணும். கல்யாண வூட்ல ஜல்தி ஜல்தினு உசுர எடுக்கறாங்க."

"அமுக்கினது நீங்கதானே" என்றேன்.

"பொட்டி கேட்டிச்சு, சொன்னேன். கேக்காம இருந்தா நான் ஏன் சார் வாய தொறக்கறேன்?"

கோபம் வரவில்லை. அவரும் பொய் சொல்லவில்லை.

கலா: "சரிங்கண்ணா. போய்ட்டு வாங்க."

ஆர்டர் போயிற்று. மதியம் இருவரும் மோர் சாதம்.

வெள்ளி, 13

வெயில். பால் பாக்கெட் ஓட்டை.

கலா விடிந்ததிலிருந்து கம்ப்யூட்டர் முன். முதல் வரியிலிருந்து மறுபடி அன்னம்.

"யாருக்கும்மா?"

"தெர்லபா."

மத்தியானம் எட்டிப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள். பத்மா போனபின் முதல் தடவை. துடைக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. கட்டம் நிரம்பிக்கொண்டே போனது. சாப்பிடுகிறாயா என்று கேட்கத்தான் வந்தேன். தலை நிமிரட்டும் என்று கதவருகிலேயே நின்றுவிட்டேன்.