முதலில் சிவப்பு, கடைசியில் கறுப்பு

அக்கா,

இன்று காலை உன் லீவர் பெட்டியைத் துடைக்க எடுத்தேன். சிவப்பு லீவர் ஓடும் பள்ளத்திலிருந்து காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்தது. மோந்து பார்த்தேன், வாசனை இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. ஆயுத பூஜைக்கு ஊரில் எல்லாரும் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பொட்டு வைத்தால், நீ கம்ப்யூட்டர் விளையாட்டின் ஜாய்ஸ்டிக்குக்கும் இந்தப் பெட்டிக்கும் வைத்தாய். "ஏன்க்கா, இது என்ன நெசமான ப்ளேனா?" என்று கேட்டேன். "ப்ளேன் பொய்யா இருந்தா என்னா, பக்தி நெசந்தான்லா. போடி" என்றாய்.

பினாங்குத் துறைமுக ஆபீஸிலிருந்து உன்னோடு ஓய்வு பெற்றவர்கள் யோகா வகுப்புக்கும் கோயில் பஜனைக்கும் போனார்கள். நீ ஜெலுத்தோங் ஃப்ளாட்டில் உட்கார்ந்து இரண்டாம் உலகப் போர் காலத்து விமானம் ஓட்டினாய். ஞாயிற்றுக்கிழமை காலையானால் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வாய். ஈப்போவிலிருந்து ஒருத்தன், கோலாலம்பூரிலிருந்து இரண்டு பேர், கூச்சிங்கிலிருந்து ஒருத்தன் என்று அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி எல்லாரும் ஒரே வானத்தில் சேர்ந்து பறப்பீர்கள். ஈப்போத் தம்பிதான் தலைவன். அவனுக்கு வலப்பக்கத்து விமானம் நீ. அவன் முதுகைக் காப்பது உன் வேலை. அந்த இடத்தில் உனக்கு இருந்த கர்வம் இருக்கிறதே, கோயில் தலைவருக்குக்கூட அவ்வளவு இருக்காது.

நான் ஆயர் ஈத்தாமில் பசாரை முடித்துக்கொண்டு, காய்கறிப் பையோடு பஸ் ஏறி வந்து உன்னைத் திட்டுவேன். "வயசான காலத்துல என்னா சண்ட?" என்பேன். "சண்ட போடறது நீ. நான் என்ஜினப் பாத்துக்கறேன்" என்பாய். அது உண்மைதான். நீ யாரையும் சுட்டு வீழ்த்தியதாக எனக்கு ஞாபகமே இல்லை. பழைய என்ஜினைச் சூடேறாமல், மூச்சுத் திணறாமல் மேலே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதில்தான் உனக்கு ருசி. என்ஜினைக் கம்ப்யூட்டரே கவனித்துக்கொள்ள அதில் 'ஆட்டோ' என்று ஒரு வசதி இருந்தது. அதைச் சொன்னாலே உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "அப்புறம் நான் எதுக்கு? டிக்கெட் வாங்கிப் பின்னாடி உக்காந்துக்கவா?"

பிறகு ஸ்ட்ரோக் வந்தது. இடது கையும் இடது காலும் போயின. வாய் மட்டும் தப்பித்தது. அது என் தலையெழுத்து. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் எல்லாரும் எப்போது நடக்கலாம் என்று கேட்பார்கள். நீ, "எடது கை எப்ப வரும்?" என்று கேட்டாய். வலது கை ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொள்ளும், லீவர்களைத் தள்ள இடது கை வேண்டுமே. டாக்டர் உன் காலைத் தட்டிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஈப்போத் தம்பி நல்ல மனசோடுதான் சொன்னான்: "ஆட்டோவுல போட்டுடுங்கக்கா. இல்லாட்டி கொஞ்ச நாளைக்கு சும்மா கேட்டுக்கிட்டு இருங்க, ஓகேலா." நீயும் சிரித்துக்கொண்டே ஓகே சொன்னாய். ஹெட்ஃபோனைக் கழற்றினாய். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அம்மா போனபோதுகூட மாலைக்குச் சொல்லியாச்சா, வேனுக்குச் சொல்லியாச்சா என்று அதட்டிக்கொண்டிருந்தவள் நீ. அன்றைக்கு அழுதாய். "எல்லாரும் என்னைத் தூக்கிக்கிட்டே போறீங்க. குளிக்கத் தூக்கறீங்க, சாப்பிடத் தூக்கறீங்க. இது ஒண்ணயாச்சும் நான் ஓட்டணும்டி" என்றாய். நான் உன் இடப்பக்கத்தில் நாற்காலியை 'டம்'மென்று இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, காட்டு. எதைத் தள்ளணும், எதை இழுக்கணும்?" என்று அதட்டினேன்.

சிவப்பு, காற்றோடு எவ்வளவு பெட்ரோல் சேரவேண்டும் என்பதற்கு. நீலம், காற்றாடியின் இறக்கை எவ்வளவு சாய்ந்து காற்றை வெட்டவேண்டும் என்பதற்கு. கறுப்பு, வேகத்துக்கு. எனக்கென்ன தெரியும்? எடுத்த எடுப்பில் கறுப்பை முழுதாகத் தள்ளினேன். என்ஜின் உறுமியது, நடுங்கியது, புகை விட்டது, போயே போய்விட்டது. "ஏன்டி, நாலாவது கியர்ல மேடு ஏறுவியா? கப்சாய் பைக்குகூட செத்துப்போகுமே" என்று தலையில் அடித்துக்கொண்டாய். எத்தனை என்ஜினை உடைத்தேன் என்று கணக்கே இல்லை. என் மண்டையில் ஏறியது நீ சோற்றை வைத்துச் சொன்னபோதுதான். "மொதல்ல செவப்பு. சோத்தப் போடு. அப்புறம் நீலம், கால எட்டிப் போட விடு. கடைசியாத்தான் கறுப்பு, மூட்டைய ஏத்து. கொறைக்கும்போது மொதல்ல மூட்டைய எறக்கு, சோத்துல கடைசியாத்தான் கை வைக்கணும். சோறு போடாம வேல வாங்கக் கூடாதுடி." வீட்டு வேலை பார்த்துப் பார்த்தே கிழவியானவளுக்கு அது புரியாமல் போகுமா?

கொஞ்ச நாளில் திரையில் மீட்டர் ஊசிகளைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சத்தத்தைக் கேட்கப் பழகினேன். நீ ஜாய்ஸ்டிக்கை இழுப்பதற்கு முன்னால் தோளை லேசாக உயர்த்துவாய். அதைப் பார்த்ததும் என் கை சிவப்புக்குப் போய்விடும்.

நீ திரும்ப வருகிறேன் என்று சொன்ன ஞாயிறு, அவர்கள் பனி நாட்டில் பறக்கப்போவதாக இருந்தது. ஈப்போத் தம்பி இழுத்தான். "ரொம்ப தூரம்க்கா… பாதியில எதாச்சும் ஆனா உங்களுக்குத்தான் மனசு கஷ்டம்." நீ, "என் எடம் காலியா இருக்கா, இல்லையா?" என்று மட்டும் கேட்டாய். இருந்தது.

போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது தம்பியின் முதுகுக்குப் பின்னால் எதிரி விமானம் ஒன்று ஒட்டிக்கொண்டது. அதை விரட்ட நீ மூக்கைக் கவிழ்த்தாய். நான் கறுப்பைப் பின்னுக்கு இழுத்தேன். என்ஜின் சூடேறாமலிருக்க ரேடியேட்டருக்குக் காற்று விடும் ஜன்னலை மட்டும் வழக்கம்போல் விரியத் திறந்தே வைத்திருந்தேன். நாம் பினாங்குக்காரிகள் அக்கா, நமக்குத் தெரிந்த பயம் சூடு ஒன்றுதான். கொடிமலை உச்சிக்குப் போனாலே ஸ்வெட்டர் இரவல் வாங்குகிறவர்கள் நாம். என்ஜின் குளிர்ந்து சாகும் என்று எந்த ஜென்மத்தில் கேள்விப்பட்டோம்? சூடு காட்டும் ஊசி விழுந்தது. என்ஜின் இருமியது, பிறகு சத்தமே இல்லை. எதிரி எப்படியோ விலகிப் போனான். நாம்தான் கீழே போய்க்கொண்டிருந்தோம்.

"அக்கா, குதிச்சிடுங்க!" என்று தம்பி கத்தினான்.

நீ கத்தவில்லை. "தங்கச்சி, ஜன்னல மூடு" என்றாய். மூடினேன். "இப்ப எதையும் தொடாத. காத்தாடியக் காத்தே சுத்தட்டும்."

"ஐயோ அக்கா, தரை வருது!"

"வரட்டும்லா. தரை எங்க ஓடிடப்போகுது?" என்றாய். அந்த நேரத்திலும் உனக்குக் கிண்டல். ஊசி கொஞ்சம் ஏறியது. "இப்ப கறுப்பக் குடு. கொஞ்சம். கொஞ்சமா. ஊசியில நூல் கோக்கற மாதிரி."

கொடுத்தேன். இருமியது. பிடித்துக்கொண்டது! பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி நான் முருகாவைக் கூப்பிட்டேன். தம்பிக்குப் பின்னாலேயே போய் ஒரு குலுக்கல் இல்லாமல் பனித்தரையில் இறக்கினாய். அவன், "ஆட்டோவா அக்கா?" என்று கேட்டான்.

"ஆட்டோவா? என் எடது கை பக்கத்துல உக்காந்திருக்கு. பேர் தங்கச்சி" என்றாய்.

அதற்குப் பிறகு அந்த இடத்தைப் பற்றி யாரும் உன்னிடம் பேசவில்லை. இரண்டாவது ஸ்ட்ரோக் வந்து உன்னைக் கொண்டுபோகும்வரை, ஞாயிறுதோறும் நாம் இருவரும்தான் அவனுக்கு வலப்பக்கம்.

கருமாதி முடிந்ததும் தம்பி கூப்பிட்டான். இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லையாம், நான் வரவேண்டுமாம். "எனக்குப் பாதி ப்ளேன்தான் ஓட்டத் தெரியும் தம்பி" என்றேன். "அந்தப் பாதியக் கொண்டுவாங்கக்கா" என்றான்.

போன ஞாயிறு உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். வலது கையில் ஜாய்ஸ்டிக். விமானம் கள் குடித்த ஆடு மாதிரி ஓடுபாதையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் போனது. ஹெட்ஃபோனில் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் நான் நினைப்பதற்கு முன்னால் சிவப்பு முன்னே போயிருந்தது, பிறகு நீலம், பிறகு மெல்லக் கறுப்பு. என்ஜின் ஒரு தடவைகூட இருமவில்லை. குனிந்து என் இடது கையைப் பார்த்தேன் அக்கா. அது என்னைக் கேட்காமல் உன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.