தேங்காய் எண்ணெய் பூசிய டயரும் பின்சீட்டில் அம்மாவும்

அன்பு அக்காவுக்கு, அதாவது என் தலையில் நறுக்கென்று கொட்டிவிட்டு அதற்கு அன்பு என்று பெயர் வைத்த தீபா அக்காவுக்கு,

முதலில் தலைப்புச் செய்தி. அம்மா உன் பைக்கில் ஏறிவிட்டாள்! வேறு யாரோ அம்மா இல்லை, நம் அம்மாதான். நம் பெங்களூரு அடுகோடி சிக்னலில் பக்கத்து வண்டிக்காரன் ஆக்ஸிலேட்டரை முறுக்கினாலே "முருகா" என்று ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொள்வாளே, அதே அம்மா. நீ நம்பமாட்டாய். உன்னிடம் நான் அடித்த புளுகுகளின் வரலாறு அப்படி. ஆனால் இது சத்தியம், உன் ஹெல்மெட் மேல் அடித்துச் சத்தியம்!

நீ போன பிறகு இங்கே ஒரு கூத்து நடந்தது. கிருஷ்ணகிரிச் சொந்தக்காரர்கள் எல்லாரும் உன் பைக்தான் உன்னைக் கொன்றது என்று முடிவு கட்டிவிட்டார்கள். "ரேஸ் வண்டியாம், பொம்பளப் புள்ள ஓட்டுச்சாம்" என்று உச்சுக் கொட்டினார்கள். டெங்கு, டெங்கு என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. சிவப்பாக இவ்வளவு பெரிய வண்டி எதிரே நிற்கும்போது ஒரு கொசுவை யார் சந்தேகப்படுவார்கள், சொல்? செய்யாத குற்றத்துக்கு உன் வண்டி மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாய் போர்த்திக்கொண்டு ஒரு வருடம் ஜெயிலில் கிடந்தது.

கடைசியில் அம்மா தீர்ப்பே எழுதிவிட்டாள். ஆயுத பூஜை முடிந்ததும் மாமா வந்து வண்டியை ஓசூருக்கு எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அப்பா வழக்கம்போல நியூட்ரலில் நின்றார். நான் ஒருத்தன்தான் கத்தினேன்.

"நான் ஓட்டுறேம்மா. லைசென்ஸ் எடுத்துட்டேன்ல?"

"நீ எப்படி ஓட்டிக் கிழிப்பேன்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

"பின்னாடி உக்காந்து பாரு. ஒரு ரவுண்டு. நீ பயந்தீன்னா மாமா கையில சாவிய நானே குடுத்துடறேன்."

சும்மா வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். வரவா போகிறாள்? நீ கெஞ்சிக் கூப்பிட்டபோதெல்லாம் "போடி, வேற வேலை இல்ல எனக்கு" என்று கரண்டியைக் காட்டினவள்தானே? ஆனால் அம்மா தார்ப்பாயையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, வரேன்" என்றாள். நான் ஊருக்கு வெடி வைப்பவன். இந்த முறை என் லுங்கிக்குள்ளேயே வெடித்தது.

பூஜையன்று நான் உழைத்த உழைப்பை நீ பார்த்திருக்க வேண்டும்! செயின், பிரேக், டயர் காற்று எல்லாம் பார்த்தேன். ரப்பரில் நகத்தை அழுத்தி, இறுகிப் போகவில்லை என்று உறுதி செய்தேன். உன் பின் டயர் ஓரம் வரைக்கும் தேய்ந்திருக்கிறது, ரேஸ் டிராக்கில் நீ சாய்த்த சாய்ப்பு. என் நண்பர்களின் டயர்களில் ஓரமாகத் தரையையே தொடாத ஒரு பட்டை பளபளவென்று இருக்கும், கரை வேட்டி மாதிரி. உன் டயருக்குக் கரையே இல்லை. அதை ஒரு சுற்று முழுக்கத் தடவிப் பார்த்தேன்.

சாயங்காலம் தெருமுனைகளில் பூசணிக்காய் உடைத்துத் தள்ளியிருந்தார்கள். அந்தக் குங்குமக் கூழில் வருடாவருடம் எத்தனை பைக் வழுக்குகிறது! தன் திருஷ்டியைக் கழிக்கிறேன் என்று அடுத்தவன் முட்டியைக் கழிக்கிறார்கள். துடைப்பத்தோடு போய் நம் தெருவின் இரண்டு முனையையும் கூட்டிச் சுத்தம் செய்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற உன் தம்பி அதைக் குப்பைத்தொட்டியில் போட்டது சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. அந்த நேரத்தில் வீட்டில் அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதுதான் கதையே. பொறு, வருகிறேன்.

மறுநாள் விஜயதசமி காலை. உன் ரைடிங் ஜாக்கெட், உன் கையுறை, உன் ஹெல்மெட், எல்லாம் போட்டுக்கொண்டு அம்மா வாசலுக்கு வந்தாள். ஹெல்மெட்டுக்காகக் கொண்டையை அவிழ்த்துப் பின்னியிருந்தாள். ஜாக்கெட் அவளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது அக்கா. அப்பா தண்ணீர் குடிக்க உள்ளே போனவர் நாங்கள் கிளம்பும் வரை வெளியே வரவில்லை.

ஓசூர் ரோடு விடுமுறையில் காலியாகக் கிடந்தது. நேராகவே ஓட்டி ஹெப்பகோடிப் பக்கம் தொழிற்சாலைத் தெருக்களுக்குப் போனோம். எல்லா கேட்டிலும் வாழைக்கன்று, ஒரு லாரிகூட இல்லை. முதல் பெரிய வளைவு வந்தது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தேன். மெதுவாக இடப்பக்கம் சாய்த்தேன். அவ்வளவுதான், பின் சக்கரம் ஈரச் சோப்புக்கட்டி மாதிரி வெளியே நழுவியது!

அக்கா, நீ எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தந்ததே இல்லை. "லக்கேஜ் சொந்தமா யோசிக்கக் கூடாது" என்று பின்னால் ஏற்றிக்கொள்வாய், அவ்வளவுதான். ஆனால் லக்கேஜுக்கும் கண் இருந்தது. வண்டி ஆடும்போது உன் தோள் விறைக்காது என்று உன் முதுகில் ஒட்டியிருந்த எனக்குத்தான் தெரியும். டயரின் பிடிமானம் ஒரே ஒரு தோசைக்கான மாவு மாதிரி, அதை பிரேக்குக்கே ஊற்றிவிட்டால் வளைவுக்கு என்ன மிஞ்சும் என்று நீ உன் கூட்டாளிகளிடம் கேட்டதும் காதில் இருந்தது. பிரேக்கைத் தொடவில்லை. ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விடவுமில்லை. வண்டியைக் கொஞ்சம் நிமிர்த்தி, மதிலைப் பார்க்காமல் வளைவு முடிகிற இடத்தையே பார்த்தேன். ரோடு நிறைய அகலம் இருந்தது. டயர் ஒரு உதறு உதறித் தரையைப் பிடித்துக்கொண்டது. ஓரமாக ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினேன்.

பின்னாலிருந்து அம்மா, "ஏன்டா நிறுத்திட்ட? அந்த ஆட்டம் நல்லாத்தானே இருந்துச்சு!"

நான் இறங்கி டயரைத் தொட்டேன். நேராக வந்ததில் நடுப்பகுதியை ரோடே துடைத்துவிட்டிருந்தது. ஓரத்தில் விரல் வழுக்கியது. முகர்ந்தால், தேங்காய் எண்ணெய்!

"அம்மா, டயருக்கு எண்ணெய் தேச்சியா?"

"ஆமா, நேத்து சாயந்தரம். வறண்டு போய் வெளுத்துக் கெடந்துச்சுடா. ஒரு வருசமா யாரு அதைக் கவனிச்சா? நாலு விரல்ல தொட்டு, ஓரமெல்லாம் நல்லா ஊற வச்சேன். எப்படி மின்னுது பாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய்க் கிண்ணத்தோடு அம்மா உன்னை வீடெல்லாம் துரத்துவாளே, நீ மொட்டை மாடிக்கு ஓடி வெளியே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாயே. அந்தக் கை எங்கே போகும்? யார் தலையைத் தேடும்?

இப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும் சொல்? "அது ஸ்டன்ட்டும்மா" என்று ஒரு புளுகு போதும். வண்டி பிழைத்திருக்கும். உண்மையைச் சொன்னால் மாமா கைக்குச் சாவி. ஆனால் அடுத்த வருடமும் அவள் அன்போடு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தால்?

சொல்லிவிட்டேன். "அம்மா, அது ஆட்டமில்ல, வழுக்கல். டயருக்கு எண்ணெய் ஆகவே ஆகாது. வேகமா வந்திருந்தா விழுந்திருப்போம். ஏறுறதுக்கு முன்னாடி அக்கா டயரைத் தொட்டுப் பாப்பா. இன்னைக்கு நான் பாக்கல."

அம்மா டயரைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். சாவியைக் கேட்கப் போகிறாள் என்று பாக்கெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவளோ ஜாக்கெட் கையை மடித்துவிட்டு டீக்கடைக்காரரிடம் போய்ப் பாத்திரம் கழுவும் சோப்பும் நாரும் ஒரு வாளித் தண்ணீரும் கேட்டாள்.

"ஏனம்மா, டயர்கே ஸ்நானானா?" என்றார் அவர், டயருக்கே குளியலா என்று.

"ஹௌது அண்ணா, எண்ணெ வச்சா குளிப்பாட்டணும்ல!" என்று கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடித்தாள் நம் தாய்.

நான் சக்கரத்தைச் சுற்ற, அவள் தேய்த்தாள். முன் சக்கரத்துக்கும் அதே கவனிப்பு. ஒரு பொட்டு எண்ணெய் மிச்சமில்லை. "தலை துவட்டணுமா?" என்று வேறு கேட்டாள். இத்தனை நாள் இந்த நக்கல் எங்கே இருந்தது?

பிறகு காய்கிற வரைக்கும் நேராக, மெதுவாக ஓட்டினேன். டயர் சூடேற ஏற, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தேன். நான் இடப்பக்கம் சாய்ந்தால் அம்மா விளக்குக் கம்பம் மாதிரி விறைத்து வலப்பக்கம் போனாள்.

"என்னம்மா பண்ற?"

"நீ சாயறல்ல, நான் அந்தப் பக்கம் இழுத்து பேலன்ஸ் பண்றேன்."

"லக்கேஜ் சொந்தமா யோசிக்கக் கூடாதும்மா. வண்டி எந்தப் பக்கம் திரும்புதோ, அந்தப் பக்கத் தோளுக்கு மேல பாரு. போதும்."

அடுத்த வளைவில் அவள் ஹெல்மெட் என் இடத்தோளுக்கு வந்தது. அய்யோ அக்கா! வண்டி, நான், அம்மா, மூன்று பேரும் ஒரே கோட்டில் சாய்ந்தோம். வேகம் ஒன்றுமில்லை, நீ பார்த்தால் சிரிப்பாய். ஆனால் டயர் ரோட்டைக் கைகோத்த மாதிரிப் பிடித்திருந்தது. அம்மா பின்னால் "ஏஏஏய்!" என்று கூவினாள். பயமில்லை. நீ கூவுகிற அதே கூவல். உன் தொண்டை எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

திரும்பி டீக்கடைக்கு வந்தபோது மாமா போன் செய்தார். அம்மா ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஸ்பீக்கரில் போட்டாள். "வாங்கண்ணா, வடை பாயசம் எல்லாம் இருக்கு. வண்டியா? அது எங்கயும் வராது. நான் இப்பதான் சாயக் கத்துக்கிட்டிருக்கேன்."

போனை வைத்துவிட்டு ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். உள்ளேயிருந்து, "எத்தனை வாட்டிடா கூப்பிட்டா அவ" என்றாள். உனக்கு ஏதாவது சொல்லத் தெரிந்தால் அவள் கனவில் வந்து சொல்.

கடைசியாக என் வாக்கு. ஏறுமுன் டயரைத் தொடுவேன், தினமும். ஊர் ரோட்டில் உன் டயர் ஓரத்தை எட்ட முயலமாட்டேன். என் காலத்தில் அடுத்த டயர் வரும்போது அது கரை கட்டிக்கொண்டே ஓடட்டும், எனக்கு வெட்கமில்லை. இன்னொன்று, இதுதான் கஷ்டமானது. சனிக்கிழமை என் பங்கு எண்ணெய், வெள்ளிக்கிழமை உன் பங்கு, இரண்டுக்கும் நானே தலையைக் கொடுப்பேன். ஓடமாட்டேன், தாழ்ப்பாள் போடமாட்டேன். டயருக்கு ஒரு சொட்டுக்கூடப் போகாது.

நேற்று வெள்ளிக்கிழமை. இந்தக் கடிதத்தில் எங்காவது பிசுக்கு தெரிந்தால், அது உன்னுடையது.

இப்படிக்கு,
லக்கேஜிலிருந்து முன்சீட்டுக்குப் பதவி உயர்ந்த,
உன் தம்பி சந்துரு