ஒரு சதவீதக் கடன்

8 செப்டம்பர் 2022, வியாழன்
இரண்டே மாதத்தில் இரண்டாவது முறையாக மத்திய வங்கி வட்டியை ஏற்றிவிட்டது. வானொலியில் செய்தி வந்தபோது குடித்தனக்காரர் ஒருவரின் குளியலறையில் குழாய் மாட்டிக்கொண்டிருந்தேன். மரையை முறுக்கின முறுக்கில் உடைத்துவிட்டேன்.

என் கட்டடத்தின் மேல் ஐம்பது லட்சம் குரோனர் கடன். வட்டி ஆண்டுக்கு ஒருமுறை, ஜனவரியில் மாறும். இந்த வருடம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அந்தத் தைரியத்தில்தான் கூரை, ஜன்னல் எல்லாம் மாற்றினேன்.

11 செப்டம்பர், ஞாயிறு
அக்கா தோரா வீட்டில் காப்பி. என் கட்டடத்தை ஒட்டியே அவளுக்கும் நாலு குடித்தனம். அவள் கடனுக்கு முப்பது வருடமும் மாறாத ஒரு சதவீத வட்டி. நான் கட்டுவதைவிட அதிகம் என்று மூன்று வருடமாகக் கிண்டல் செய்தவன் நான். இன்று கேக்கை வெட்டிக்கொண்டே, "டேய் எஸ்கில், ஜனவரிக்கு என்னடா பண்ணப்போற?" என்றாள். "பாத்துக்கலாம்" என்றேன். என்னத்தைப் பார்க்க?

23 செப்டம்பர், வெள்ளி
வாடகையை வருடத்துக்கு நாலு சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாதென்று புதிதாகச் சட்டம். குடியிருப்பவர்களுக்கு நல்லதுதான். வட்டிக்கும் ஒரு வரம்பு வைக்க யாருக்கும் தோன்றவில்லையே!

3 அக்டோபர், திங்கள்
வங்கியில் என் கடனையும் அக்கா கடனையும் கவனிக்கும் லிஸ்பெத்தைப் பார்த்தேன். கட்டடத்தின் மதிப்பு குறைந்துவிட்டதாம். "டிசம்பருக்குள்ள கடன்ல எட்டு லட்சம் கட்டிக் குறைச்சிடுங்க. இல்லேன்னா விக்கிறதப் பத்தி யோசிங்க." எட்டு லட்சம்! எங்க போவேன் நான்? பதினாறு வருஷம் என் கையால சரி பண்ணின வீடு அது.
அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

14 அக்டோபர், வெள்ளி
தோரா கடனை மாற்றிவிட்டாள். இங்கே வீட்டுக் கடனைக் கடன்பத்திரமாக்கிச் சந்தையில் விற்றுவிடுவார்கள்; வட்டி ஏறினால் அவளுடையதைப் போன்ற பழைய பத்திரத்தின் விலை விழும். புதுக் கடன் எடுத்து, விழுந்த விலைக்கு அதை வாங்கி வங்கியில் கொடுத்தால் பழைய கடன் தீர்ந்தது. அவளுடைய நாற்பது லட்சம் முப்பது லட்சமாகிவிட்டது. வருடாவருடம் வட்டி மாறும் என்னுடையதைப் போன்ற கடனில் அந்த வித்தை பலிக்காது.
உட்கார்ந்த இடத்தில் பத்து லட்சம்! எனக்கு வயிறு எரிந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. "அதிர்ஷ்டக்காரிதான் நீ" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

27 அக்டோபர், வியாழன்
மறுபடியும் ஏற்றம். தரகரை வரச் சொல்லிவிட்டேன்.

30 அக்டோபர், ஞாயிறு
தரகர் வந்துபோனதை தோரா பார்த்திருக்கிறாள்.
"விக்கப்போறியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"
"சொன்னா? வாங்கிக்கப்போறியா?"
"முழுசா இல்ல. எட்டு லட்சத்துக்கு ஒரு பங்கு குடு. அந்தப் பணத்த பேங்க்ல கட்டு."
"உக்காந்த எடத்துல வந்த காசு. அத வச்சு என் வீட்டுலயே அதிகாரம் பண்ணப் பாக்குறியா?"
கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். காப்பி அப்படியே இருந்தது. ஏன் இப்படிப் பேசினேன்?

6 நவம்பர், ஞாயிறு
விற்க மனம் வரவில்லை. அவளிடம் போய் நிற்க முகமும் இல்லை.

18 நவம்பர், வெள்ளி
அந்தப் பங்கை வாங்கிக்கொள்கிறாயா என்று அக்காவிடம் போய்க் கேட்டேவிட்டேன். "வாசல்ல நிக்காத, குளிரு உள்ள வருது" என்றாள். அவ்வளவுதான்.

9 டிசம்பர், வெள்ளி
கையெழுத்தாயிற்று. கட்டடம் இனி இரண்டு பேர் பெயரில். தோரா காரைக் கிளப்பப் போனதும் லிஸ்பெத் காகிதங்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "உங்க அக்காகிட்ட மூணு தடவ சொன்னேன், அந்த ஒரு சதவீதக் கடன் இனிமே கிடைக்கவே கிடைக்காது, விட்டுடாதீங்கன்னு. கேக்கல. பழைய கடன் குறைஞ்சாத்தான் உங்களுக்காக மேல எட்டு லட்சம் கடன் வாங்க முடியும்னு கணக்குப் போட்டுட்டே வந்தாங்க. புதுக் கடனுக்கு இப்ப அஞ்சு சதவீதம். வருஷத்துக்கு நாப்பதாயிரம் வட்டி கட்டினவங்க ஒன்றரை லட்சத்துக்கு மேல கட்டணும்." என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

வெளியே தோரா கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "எவ்வளவு நேரம்டா? கையெல்லாம் விறைச்சுப்போச்சு" என்றாள். சுரண்டியை வாங்கிக்கொண்டேன். கண்ணாடி தெளிந்த பிறகும் சுரண்டிக்கொண்டே இருந்தேன்.