ஓடிலோன் பங்க்கில் நான் சொன்ன வாக்கியம்

அன்புள்ள ரெனான்,

இங்கே எல்லோரும் நலம், நீயும் அங்கே நலமாக இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டு உடனே விஷயத்துக்கு வரலாம் என்று உட்கார்ந்தேன், ஆனால் அந்த முதல் பாதியே முழு உண்மை இல்லை என்று தோன்றியதால் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்க் காபி போட்டேன், அது குடிக்காமலே ஆறிவிட்டது, இப்போது இரண்டாவது தடவையாக உட்கார்ந்திருக்கிறேன். உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. உன் அப்பாவுக்கு முட்டி கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது, அது நம் ஜூலைக் குளிரில் எப்போதும் உள்ளதுதான். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் அப்பா நடுவில் புகுந்து எனக்காக வாதாடுவார், இந்த விஷயத்தில் எனக்காக யாரும் வாதாடக் கூடாது. நீ அந்த வீடியோவைப் பார்த்திருப்பாய். ஊர்க்காரர்களின் போன் குழுவில் போட்டு, அங்கிருந்து டப்ளினில் உன்னோடு இருக்கும் நம் ஊர்ப் பையன்கள் வரை வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். அதில் உன் அம்மா ஓடிலோனின் பெட்ரோல் பங்க்கில் கையில் அளவுஜாடியோடு நின்று ஒரு வாக்கியம் சொல்கிறாள். அந்த வாக்கியத்துக்கு முன்னால் நடந்ததும் பின்னால் நடந்ததும் அதில் இல்லை. உன் ஞானத்தகப்பன் ஓடிலோனின் பெயர் கெட்டுக் கிடக்கிறது, கெடுத்தது நான். அதைத்தான் வரிசையாக எழுதப் போகிறேன், பொறுமையாகப் படி.

போன திங்கட்கிழமை விடியற்காலை இரண்டு டிகிரி, இந்த வருஷத்தின் முதல் கடுங்குளிர், முற்றத்துப் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. அப்பா வழக்கம்போல, வண்டி இல்லாத டோனா சுல்மிரா அம்மாவை டயாலிசிஸுக்குக் கீழே இட்டஜுபாவுக்கு அழைத்துப்போக நாலரை மணிக்குக் காரை எடுக்கப் போனார். வண்டி பற்றவில்லை. நம் கார் பழசு என்று உனக்குத் தெரியும், கரும்பு எத்தனாலிலேயே ஓடிப் பழகியது, குளிரில் எத்தனால் தானாகத் தீப்பிடிக்காது, பானெட்டுக்குள் இருக்கும் அந்தச் சின்ன டேங்க் பெட்ரோல்தான் முதல் பொறியைக் கொடுக்க வேண்டும். அது கொடுக்கவில்லை. அப்பா சாவியைத் திருகித் திருகி பேட்டரியும் போயிற்று. பக்கத்து வீட்டு ஜீப்பை எழுப்பி, அதன் மேலிருந்த உருளைக்கிழங்கு மூட்டைகளை இறக்கி, போய்ச் சேரும்போது முதல் ஷிப்ட் தொடங்கி எல்லாப் படுக்கையும் நிறைந்துவிட்டது, அடுத்த இடம் மறுநாள் மதியம்தான். அன்று சாயங்காலமே டோனா சுல்மிராவுக்கு மூச்சு முட்டி ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இப்போது வீட்டில் இருக்கிறார், பேசுகிறார், சாப்பிடுகிறார்.

செவ்வாய்க்கிழமை மெக்கானிக் நிவால்டோ வந்து சின்ன டேங்கின் குழாயைக் கழற்றி விரலில் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுக்குப் பேரு பெட்ரோலா? தீக்குச்சியக் காட்டினா இது குச்சியத்தான் அணைக்கும்" என்றார். நான் அப்பாவிடம் சின்ன டேங்கை எப்போது நிரப்பினீர்கள் என்று கேட்டேன், ஜூன் கடைசியில் என்றார். எங்கே வாங்கியது என்று கேட்டேன். "வேற யாரோடது? ஓடிலோன் பெட்ரோல்தான்" என்றார். அது பொய்யும் இல்லை. அடுத்த கேள்வியை நான் கேட்கவில்லை. இருபத்தோரு வருஷமாக அறிவியல் வகுப்பில் பிள்ளைகளிடம் முதல் பதிலோடு நிற்காதே என்று சொல்லிக்கொண்டிருப்பவள், முதல் பதிலோடு நின்றுவிட்டேன். ஏன் என்று இந்த நாலு நாளாக யோசிக்கிறேன். எனக்குப் பங்க்குகளின் மேல் எப்போதுமே சந்தேகம், இந்த நாட்டில் யாருக்குத்தான் இல்லை, வண்டி இருமினால் பெட்ரோல், திணறினால் பெட்ரோல், செய்தியில் வாரம் ஒரு கலப்படம். பத்திரிகையில் படித்த எல்லாப் பங்க்குகளின் கோபத்தையும் கொண்டுபோய் நான் அறிந்த ஒரே பங்க்குக்காரர் மேல் இறக்கினேன் என்று நினைக்கிறேன்.

புதன்கிழமை காலையில் போனேன். ஓடிலோன் என்னைப் பார்த்ததும், "வாங்க கொமாத்ரி, வண்டி இல்லாம நடந்து வந்திருக்கீங்க, செருப்புக்கா எண்ணெய் போடணும்?" என்றார். உன்னை ஞானஸ்நானத்துக்கு ஏந்திய நாளிலிருந்து அவர் என்னை அப்படித்தான், ஞானப்பிள்ளையின் தாய் என்ற உறவு சொல்லிக் கூப்பிடுகிறார், நானும் அன்றுமுதல் வேறு எங்கும் வண்டிக்கு ஊற்றியதில்லை. நான் சிரிக்கவில்லை. பெட்ரோலைச் சோதித்துக் காட்டுங்கள் என்றேன். கேட்டால் காட்ட வேண்டும் என்பது சட்டம், சுவரில் எழுதியே வைத்திருக்கிறார்கள், ஆனால் நம் ஊரில் யாரும் கேட்டதில்லை, அதுவும் வீட்டுக்கு வந்து சாப்பிடும் மனிதரிடம் கேட்பது எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் உள்ளே போய் அளவுஜாடியை எடுத்து வந்து என் கையிலேயே கொடுத்து, "நீங்களே பண்ணுங்க, நான் பண்ணா நம்ப மாட்டீங்க" என்றார். பாதி பெட்ரோல், பாதி உப்புத் தண்ணீர், மூடிக் கவிழ்த்துக் கவிழ்த்து எடுத்து நிறுத்தினேன். எத்தனால் பெட்ரோலை விட்டு உப்புத் தண்ணீரோடு கீழே இறங்க வேண்டும், எவ்வளவு இறங்கியது என்று பார்த்தால் எவ்வளவு கலந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அது தெளிவதற்குள் பள்ளி வேன் டிரைவர்கள், பால்காரர், பேக்கரியிலிருந்து இரண்டு பேர் எல்லோரும் கூடிவிட்டார்கள், "டீச்சர், இது பரீட்சைக்கு வருமா?" என்று ஒருவன் கேட்டான். கோடு அறுபத்து நாலரையில் நின்றது. ஐம்பதுக்கு மேல் ஏறியதை இரட்டித்து ஒன்றைக் கூட்டினால் முப்பது சதவீதம், அரசாங்கம் சொன்ன அளவு, ஒரு சொட்டு கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஓடிலோன் என்னைப் பார்த்தார். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "இன்னைக்குச் சரியா இருக்கு. மூணு வாரத்துக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு இந்த ஜாடி சொல்லாது."

அறிவியல்படி அதில் ஒரு பிழையும் இல்லை, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. பொய்யாக இருந்திருந்தால் யாராவது எதிர்த்துப் பேசியிருப்பார்கள். உண்மையாக இருந்ததால் எல்லோரும் தலையாட்டினார்கள். அன்று மத்தியானமே பள்ளி வேன்கள் பன்னிரண்டு கிலோமீட்டர் இறங்கிப் பெரிய சாலைப் பங்க்குக்குப் போய் ஊற்றிக்கொண்டன. வந்த சிலரும் ஜாடியைக் கொண்டுவா என்று நின்றார்கள். எத்தனை தடவை காட்டினாலும் மூன்று வாரத்துக்கு முந்தைய பெட்ரோலை அவர் எங்கிருந்து கொண்டுவந்து காட்டுவார்? டோனா சுல்மிரா படுக்கையில் கிடக்கும் செய்தியையும் இதையும் ஒன்றாக்கி, ஓடிலோன் பெட்ரோலால் ஒரு உயிர் போகப் பார்த்தது என்று ஊர் பேச ஆரம்பித்தது.

வியாழக்கிழமை நிவால்டோ என்னைப் பட்டறைக்கு வரச் சொன்னார். சின்ன டேங்கில் இருந்ததை ஒரு அகலத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்திருந்தார், இருந்ததெல்லாம் ஆவியாகிப் போய்த் தட்டின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. "தொட்டு நாக்குல வெச்சுப் பாருங்க டீச்சர்" என்றார். வகுப்பில் ஒரு பிள்ளை அப்படிச் செய்தால் வெளியே அனுப்பிவிடுவேன். வைத்துப் பார்த்தேன். உப்பு. ரெனான், பெட்ரோலில் உப்பு வர உலகத்தில் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு வழிதான் உண்டு. நான் அங்கிருந்து வீடுவரை எப்படி நடந்தேன் என்று நினைவில்லை, கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன், அலமாரியில் புல் வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் நான் வைத்திருந்த பச்சைக் குளிர்பான பாட்டில் காலியாக இருந்தது. மே மாதத்தில் பதினோராம் வகுப்புக்கு அதே சோதனையைச் செய்து காட்டினேன், முப்பது பிள்ளைகள், ஆறு குழு. மிஞ்சியதைச் சாக்கடையில் கொட்டக் கூடாது என்று மேலே நின்ற பெட்ரோலை மட்டும் பிரித்து ஒரு பாட்டிலில் சேர்க்கச் சொன்னேன், புல் வெட்ட ஆகும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவசரத்தில் பிள்ளைகள் கீழே நின்ற உப்புத் தண்ணீரையும் சேர்த்து ஊற்றியிருக்கிறார்கள், நான் பார்க்கவில்லை. பாட்டிலில் பெயர் எழுதவில்லை. அப்பா ஜூனில் அதை எடுத்து, பெட்ரோல் வாடைதானே அடிக்கிறது என்று சின்ன டேங்கில் ஊற்றிவிட்டார். தண்ணீர் அடியில் தங்கும், சின்ன டேங்கின் பம்ப் அடியிலிருந்துதான் இழுக்கும். அந்த வகுப்புக்கு வருஷா வருஷம் பெட்ரோல் கொடுப்பது ஓடிலோன். பள்ளிக்கு என்றால் காசு வாங்க மாட்டார். அதனால்தான் அப்பா சொன்ன பதில் பொய்யில்லை என்று எழுதினேன்.

மறுபடியும் நிவால்டோவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு தரையைப் பார்த்தார். பிறகு சொன்னார், புதன்கிழமை சாயங்காலமே ஓடிலோன் பட்டறைக்கு வந்தாராம், டேங்கிலிருந்து எடுத்ததை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம், அடியில் தனியாக நின்ற தண்ணீரைப் பார்த்து, விரலில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்து, சிரித்துவிட்டாராம். "இது நம்ம டீச்சர் கிளாஸ் தண்ணி" என்றாராம். நிவால்டோ உடனே குழுவில் போடுகிறேன் என்று போனை எடுத்திருக்கிறார். ஓடிலோன் அவர் கையைப் பிடித்து, "வேணாம். சுல்மிரா இன்னும் ஆஸ்பத்திரியில கெடக்கா. இப்ப இதச் சொன்னா அந்தக் குடும்பம் நேரா கொமாத்ரி வாசல்லதான் வந்து நிக்கும். விடு, அவங்களே கண்டுபிடிப்பாங்க. கண்டுபிடிக்காம விடுற பொம்பளையா அது?" என்றாராம். தன் பங்க்கில் வண்டிகள் குறையக் குறைய அவர் அதைத் தெரிந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் சரியாகியிருக்கும். எனக்கு இப்படி யாராவது செய்திருக்கிறார்களா என்று யோசித்துப் பார்க்கிறேன், நான் யாருக்காவது செய்திருக்கிறேனா என்றும்.

சனிக்கிழமை முதலில் டோனா சுல்மிரா வீட்டுக்குப் போனேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன், பெட்ரோல் நல்ல பெட்ரோல், பாட்டில் என் பாட்டில் என்று. அவர் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள், அது நியாயம்தான். டோனா சுல்மிரா தலையணையில் சாய்ந்தபடி என்னையே பார்த்தார். "பாட்டில்ல பேரு எழுதலேன்னு எம்மவனுக்கு அஞ்சு மார்க்கு கொறச்சீங்களே, ஞாபகம் இருக்கா டீச்சர்? அழுதுகிட்டே வந்தான் அன்னைக்கு" என்றார். இருக்கிறது என்றேன். "அப்ப உங்களுக்கு எவ்வளவு கொறைக்கிறது?" என்று கேட்டுச் சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "திங்கக்கிழமை வண்டி பத்தும்ல?" என்று மட்டும் கேட்டார். அதிலிருந்து நான் மணிக்கொரு தடவை போய், நிவால்டோ சரிசெய்து தந்த வண்டியைப் பற்றவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எத்தனாலை இப்படி எரித்தே தீர்த்துவிடுவாய் என்று அப்பா திட்டுகிறார்.

இன்று பூசை முடிந்ததும் பங்க்குக்குப் போனேன். கோவில் வாசலிலேயே சொல்லிவிடேன் என்றார் அப்பா, ஆனால் எங்கே சொன்னேனோ அங்கேதான் திருப்பிச் சொல்ல வேண்டும். ஞாயிறு மதிய விருந்துக்குக் கிளம்புகிறவர்களின் வண்டிகள் ஐந்தாறு நின்றன. எனக்குக் கூட்டத்தில் பேச வராது, வகுப்பு வேறு. காரை விட்டு இறங்கி, புதன்கிழமை இங்கே நான் சொன்னது தவறு, சின்ன டேங்கில் இருந்தது என் பள்ளிக்கூடத்து உப்புத் தண்ணீர், ஓடிலோனின் பெட்ரோலில் அன்றும் குற்றமில்லை அதற்கு முன்பும் இல்லை என்று சொன்னேன். குரல் எங்கேயோ போய்விட்டது, பின்னாலிருந்து ஒருவன் "கேக்கல டீச்சர், சத்தமா!" என்றான், நான் வகுப்பில் அவனிடம் சொல்வதுபோலவே. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். ஓடிலோன் யாருக்கோ ஊற்றிக்கொண்டிருந்தவர் கையை எடுக்கவில்லை, திரும்பவுமில்லை. ஊற்றி முடித்து, குழாயை மாட்டி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "சரி கொமாத்ரி, கேட்டுச்சு. வண்டிய முன்னாடி எடுங்க, பின்னால ஆளு நிக்குது" என்றார். எடுத்தேன். சின்ன டேங்கை அவரே திறந்து நிரப்பினார். மூடியைத் திருகி மூடியபின் அதை உள்ளங்கையால் இரண்டு தடவை தட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். மன்னித்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. தட்டியதை வைத்து முடிவு செய்ய மாட்டேன், ஒரே தகவலை வைத்து முடிவு செய்ததுதான் இவ்வளவுக்கும் காரணம்.

நீ பழைய கார் ஒன்று பார்த்திருப்பதாக எழுதியிருந்தாய். நம் வண்டிகள் எத்தனால் குடித்தே வளர்ந்தவை, அங்கே உள்ள பழைய வண்டிகள் அப்படியல்ல, கொஞ்சம் கலந்த பெட்ரோலே ரப்பர் குழாய்களை இளக்கிவிடும், ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் குழாய்களைப் பார்த்து வாங்கு, மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைக்காதே. கம்பளிச் சட்டை இல்லாமல் வேலைக்குப் போகாதே, உன் போட்டோவில் கழுத்து திறந்து கிடக்கிறது. மதியம் ரொட்டியோடு நிறுத்தாமல் சோறும் பயறும் சமைத்துச் சாப்பிடு.

கடவுள் உன்னைக் காக்கட்டும் மகனே, உன் கையும் காலும் நல்லபடி இருக்கட்டும், உன்னை நம்புகிறவர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. உன் ஞானத்தகப்பனுக்குப் போன் செய், ஆனால் என் சார்பில் மன்னிப்புக் கேட்காதே, அது என்னுடையது. இன்று நான் பேசியதையும் ஒருவன் வீடியோ எடுத்தான், அதையும் இந்தக் கடிதத்தின் போட்டோவையும் உனக்கு அனுப்புகிறேன். முதல் வீடியோ அரை நாளில் டப்ளின் வந்தது, இது மதியத்திலிருந்து நம் தெருவைத் தாண்டவில்லை என்கிறார் அப்பா. முதல் வீடியோவை உன்னிடம் காட்டியவர்கள் ஒவ்வொருவருக்கும் இதையும் அனுப்பு, ஒருவரையும் விடாதே, யார் யாருக்கு அனுப்பினாய் என்று எனக்குப் பெயர் பெயராக எழுது.

உன் அம்மா,
ரொசானா